கையால் உடை செய்து விற்பவர்களுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது?

சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறீர்கள், அலுவலக வேலை, வார இறுதியில் உங்களுக்கும் தோழிகளுக்கும் குர்த்தா தைக்கிறீர்கள். கையால் உடை வடிவமைத்து விற்பவர்களின் ஒரு நாள் எப்படி இருக்கும், யோசனை எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "இரண்டு மாதமாக எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றும் தோன்றாத நாளில் என்ன செய்வது, அப்படி அடிக்கடி தோன்றாமல் போகிற ஒருவர் இதை நம்பி வேலையை விடலாமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் உடை வடிவமைப்பு படித்து, சில காலம் ஒரு தையலகத்தில் வேலை பார்த்து, இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் பெண்களுக்கான உடைகள் செய்கிறேன். டி-ஷர்ட் மாதிரியான இழுபடும் துணிகளும் ஆண்களின் கோட்டு சூட்டும் என் துறை இல்லை. நான் சொல்வது அவற்றுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாள் எப்படிப் போகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் கவர்ச்சி குறைவு. காலையில் துணி வெட்டுவேன். வெட்டியது வெட்டியதுதான் என்பதால், கண்ணும் கையும் களைப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும். நூல் நிறம் பார்ப்பதும் அப்போதுதான். கறுப்பா கருநீலமா என்பதை விளக்கு வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். பிறகு மிஷின், துணியின் ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக், இஸ்திரி. ஒவ்வொரு தையலையும் போட்ட கையோடு இஸ்திரி போட்டால்தான் உடை கடையில் வாங்கியது மாதிரி உட்காரும். கையால் செய்த உடை என்று சொல்லி விற்கிறோமே, அந்தக் கை பாதி நேரம் இஸ்திரிப் பெட்டியைத்தான் பிடித்திருக்கிறது. பிற்பகலில் வாட்ஸ்அப் பதில்கள், பொட்டலம் கட்டுவது, துணி வாங்கத் தேக்காவுக்கோ (லிட்டில் இந்தியா) அராப் ஸ்திரீட்டுக்கோ ஒரு நடை. வாடிக்கையாளர்கள் வேலை முடிந்து மாலையில்தான் அளவு பார்க்க வருவார்கள். இரவு பத்துக்கு மேல் மிஷின் ஓட்ட மாட்டேன், கீழ் வீட்டில் பிள்ளைகள் தூங்குவார்கள். ஹெம் (ஓர மடிப்பு), காஜா, ஊக்கு, பொத்தான் எல்லாம் அந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்தவை. இதில் 'வடிவமைப்பு' என்று தனியாக எடுத்துக் காட்டுகிற மாதிரி ஒரு நேரம் இல்லை. அது இந்த வேலைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

யோசனை எங்கிருந்து வருகிறது என்று எங்களைப் பேட்டி கண்டால், கெர்பாவ் ரோட்டில் இருக்கும் தான் டெங் நியா வீட்டைக் காட்டுவோம். 1900இல் கட்டிய வீடு, இன்று அத்தனை வண்ணம். இல்லாவிட்டால் கூன் செங் ரோட்டில் பெரனாக்கன்களின் (சீன, மலாய்ப் பண்பாடுகள் கலந்த மரபினர்) வீட்டுச் சுவர் ஓடுகள், இல்லாவிட்டால் கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப்பாதை. படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த ஓடுகளைப் பார்த்து அதே ஓடுகளைத் துணியில் அச்சடித்த பைகளும் சட்டைகளும் இந்த ஊரில் எவ்வளவு கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பார்த்ததை அப்படியே துணியில் ஒட்டுவதற்கு வடிவமைப்பாளர் தேவையில்லை, அச்சுக் கடையே போதும். பிண்டெரெஸ்ட்டில் படம் சேர்ப்பதும் அதே கதைதான். எல்லாரும் ஒரே படங்களைச் சேர்க்கிறோம், பிறகு எல்லாரும் உடைக்கு ஒரே மாதிரிக் கை வைத்துத் தைக்கிறோம். என் அனுபவத்தில் யோசனை இரண்டு இடங்களிலிருந்துதான் வருகிறது: கையில் இருக்கும் துணி, அதை உடுத்தப் போகிற உடம்பு. கொஞ்சம் வறட்டுத்தனமாகத் தெரியலாம், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன்.

முதலில் துணி. ஒரு கைத்தறிப் பருத்திச் சேலையைக் குர்த்தாவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிக் கண்டாங்கியோ நெகமமோ எதுவாகவும் இருக்கட்டும். ஐந்தரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 46 அங்குல அகலம், இரண்டு பக்கமும் கரை. வழக்கப்படி பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) மேலிருந்து கீழாக வரும்படி வெட்டினால் கரை குர்த்தாவின் பக்கவாட்டில் செங்குத்தாக ஓடும், அல்லது வீணாகப் போகும். துணியைக் குறுக்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கீழ்க்கரை நேராகக் குர்த்தாவின் அடியில் வந்து உட்காரும். இப்போது சேலையின் அகலம்தான் குர்த்தாவின் நீளம். மேல்கரைக்கு மூன்று அங்குலம் கழித்தால் 43, தோள் தையலுக்கு விட்டது போக 42 சொச்சம், முழங்காலைத் தொடும் குர்த்தா தயார். அடியில் ஹெம் மடிக்க வேண்டாம், நெசவாளரே ஓரத்தை முடித்துத்தான் தந்திருக்கிறார். வெட்டி எடுத்த மேல்கரை கைக்குப் பட்டியாகும். பாவு குறுக்கே போவதால் தோளிலிருந்து துணி விழும் விதம் கொஞ்சம் மாறும், உடம்பை ஒட்டாமல் சற்று விறைப்பாக நிற்கும். அதற்கு டார்ட் (உடம்பு வடிவத்துக்காகப் போடும் கூர்மடிப்பு) போட்டு இறுக்கிப் போராடுவதை விட, அதையே வடிவமாக எடுத்துக்கொண்டு நேர்வெட்டுக் குர்த்தாவாக விட்டுவிடலாம். இதில் நான் கற்பனை செய்தது என்ன? ஒன்றுமில்லை. 46 அங்குலம் என்ற அளவுதான் உடையின் நீளம், ஓரம், கைப்பட்டி, வெட்டு எல்லாவற்றையும் முடிவு செய்தது. தோன்றவில்லை என்று நீங்கள் சொல்லும் நாட்களில் வெறும் தாளின் முன் உட்கார்ந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். துணியை மேசையில் விரித்து, திருப்பித் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது உடம்பு. தோள்பட்டை இறுகிப்போன ஓர் அம்மா வந்தார். கை பின்னால் போகாது, மேலேயும் முழுதாக எழும்பாது. பேத்தி கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுத்தாகிவிட்டது. "பின்னால ஊக்கு வேணாம்மா, கை போகல. மருமகளைக் கூப்பிட்டுப் போடச் சொல்றதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். முன்பக்கம் ஊக்கு வைத்த பிளவுஸ் எல்லாரும் தைப்பதுதான். ஆனால் அவருக்கு ஊக்கைப் பிடித்துக் கண்ணியில் மாட்டவும் விரல் ஒத்துழைக்கவில்லை. எனக்குக் கைகொடுத்தது நோன்யா கெபாயா, பெரனாக்கன் பெண்கள் உடுத்தும் மேலுடை. அதன் முன்பக்கத்தில் பொத்தானே கிடையாது, கெரோசாங் என்ற மூன்று ஊசிப்பதக்கங்கள்தான் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடிக்கின்றன. அந்த அம்மாவின் பிளவுஸில் முன்பட்டியை அகலமாக்கி, உள்ளே அழுத்திப் போடும் பெரிய பிரஸ் பட்டன்கள் வைத்தேன். வெளியே மூன்று இடத்தில் சேலைச் சரிகைத் துண்டால் சின்னப் பூவேலை, கெரோசாங் இருக்கும் இடத்திலேயே. கையை ராக்ளான் வெட்டாகக் கழுத்து வரை கொண்டுபோனதால் அக்குளில் இழுக்கவில்லை, கோட்டு போடுவது மாதிரி ஒரு கையை நுழைத்து மற்றதை நுழைத்தால் போதும். கல்யாணத்தில் பார்த்த இரண்டு இளம் பெண்கள், தோளில் ஒரு குறையும் இல்லாதவர்கள், அதே மாதிரி வேண்டும் என்று வந்தார்கள். இப்போது அது என் வழக்கமான வடிவங்களில் ஒன்று.

கெபாயாவைப் பற்றி ஒரு வார்த்தை. புருணை, இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து முன்மொழிந்து 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் எங்கள் தொழிலுக்கு அது ஒரு பாடப்புத்தகமாக எப்போதோ ஆகிவிட்டது. மெல்லிய துணியில், லைனிங் இல்லாமல், இந்த வெக்கையில் உடம்போடு ஒட்டாத ஓர் உடை எப்படி நிற்கிறது என்பதை அதில் படிக்கலாம். பெரனாக்கன் அரும்பொருளகத்துக்குப் போனால் பூவேலையைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் குனிந்து, தையல் எங்கே போகிறது, கைக்கு அடியில் எந்த வடிவத் துண்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காவலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. அராப் ஸ்திரீட்டில் இன்றும் விற்கும் பெலிக்காட் சாரோங்கின் (கட்டம் போட்ட லுங்கி) கட்டங்கள் பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த கட்டத் துணியின் வாரிசுகள். நம் ஊர்த் துணியைத் தேடித் தேக்காவில் மட்டும் சுற்றுகிறவர்கள் அந்தத் தெருவுக்கும் ஒருமுறை போகலாம்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன், காசு செலவில்லாதது. புளோக்குக்குக் கீழே நடக்கும்போது மூங்கில் கம்புகளில் காயும் துணிகளைப் பாருங்கள். அடுத்தவர் வீட்டுத் துணியை வெறித்துப் பார்ப்பது அழகில்லைதான், நடந்துகொண்டே பாருங்கள். புது உடை கடையில் சொல்லாததைக் காயும் உடை சொல்லும். கஃப்தானின் தோள் எங்கே இறங்கிவிட்டது, எந்தக் கழுத்துப் பட்டி சுருண்டுகொண்டது, எந்த நிறம் வெயிலில் முதலில் வெளுத்தது, பாட்டிகள் எதைத் திரும்பத் திரும்ப உடுத்துகிறார்கள். அதே காரணத்துக்காகத்தான் பழுது பார்க்கும் வேலையை நான் விடவில்லை. வருமானம் குறைவு, ஆனால் எந்த இடம் கிழிகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலும் அக்குள், பாக்கெட்டின் மூலை, பக்கவெட்டின் உச்சி. இந்த மூன்று இடத்திலும் உள்ளே ஒரு சிறு துண்டு வைத்துத் தைப்பது என் உடைகளின் அடையாளம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பழுது வேலையில் கிடைத்த பாடம்.

இந்த ஊரின் பருவநிலையும் கூட உட்கார்ந்து வடிவமைக்கிறது. பகலில் 31, 32 டிகிரி, காற்றில் ஈரம் சராசரியாக 80 சதவிகிதத்துக்கு மேல். பருத்தி இழை தன் எடையில் ஏறக்குறைய 8 சதவிகித ஈரத்தைச் சாதாரணமாகவே உள்ளே வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவிகிதம்கூட வைத்துக்கொள்ளாது. வியர்வை போகிற இடம் இல்லாமல் தோலிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம். நீங்கள் அழகான பருத்தியை வாங்கி உள்ளே பாலியெஸ்டர் லைனிங் வைத்தால் போட்ட காசு வீண். மல் துணியை (மெல்லிய பருத்தி) லைனிங்காக வையுங்கள், இல்லை லைனிங்கே இல்லாமல் பிரெஞ்சுத் தையல் போட்டு உள்பக்கத்தையும் வெளிப்பக்கம் மாதிரி முடியுங்கள். மல்லுக்கு 9 அல்லது 11 எண் ஊசி, 14 போட்டால் ஓட்டை தெரியும். ரேயான் வாங்கினால், நனைந்ததும் அதன் வலு குறைந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள் என்று வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள். பட்டுத் துணியையும் சரிகையையும் பிளாஸ்டிக் உறையில் பூட்டி வைக்காதீர்கள், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் ஒன்றும் காயாது, நனைத்து உலர்த்த வேண்டிய துணியை அதற்கு முன்பே முடித்துவிடுவேன்.

எது நிச்சயம், எது என் கருத்து என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கைத்தறிப் பருத்தியை வெட்டுமுன் நனைத்து உலர்த்தியே ஆக வேண்டும், இதில் இரண்டு பேச்சில்லை. சாயம் போகாமலிருக்க உப்புத் தண்ணீரில் ஊற வைப்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். ஆனால் சாயப்பட்டறையில் இழைக்குள் சாயத்தை ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை, முடிந்த துணியில் சாயத்தைக் கட்டிப்போடும் சக்தி அதற்கு இல்லை. நிறம் போவது நிற்கும் வரை அலசுவதுதான் வழி, நிற்காவிட்டால் அந்தத் துணியை வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள். இவை நிச்சயமானவை. துணியும் உடம்பும் முன்னால் இருந்தால் யோசனை வரும் என்பது என் அனுபவம் மட்டுமே. ஓவியம் போட்டு அதிலிருந்து தொடங்குகிறவர்களையும் எனக்குத் தெரியும், நல்ல கைகாரர்கள். ஆனால் அவர்களும் முதல் வடிவத்தைக் காடாத் துணியில் வெட்டிப் பார்த்த பிறகு ஓவியத்தை மாற்றத்தான் செய்கிறார்கள். உங்கள் இரண்டு மாத வறட்சியைப் பற்றி என் ஊகம்: நீங்கள் யாருக்கென்று முடிவு செய்யாமல் 'ஒரு கலெக்ஷன்' யோசிக்கிறீர்கள். ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிற தோழி, பையைத் தோளில் மாட்டினால் குர்த்தா ஒரு பக்கம் ஏறுகிறது, பாக்கெட் இல்லை, குளிர்சாதன அறையில் கை நடுங்குகிறது. இதற்கு ஓர் உடை செய்யுங்கள். ஊகம் தவறாக இருந்தாலும் நஷ்டமில்லை, தோழிக்கு ஓர் உடை கிடைக்கும்.

இனி வேலையை விடுவது. இந்தத் தொழிலுக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, ஒரு முழு ஆண்டு அதைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். தைப்பூசத்துக்கு மஞ்சளும் காவியும். பிள்ளைகள் பாரம்பரிய உடையில் பள்ளிக்குப் போகும் ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு ஜூன் பள்ளி விடுமுறையிலேயே அம்மாக்கள் பிள்ளைகளின் பாவாடை சட்டை, ஜிப்பாவுக்கு வந்துவிடுவார்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து தூக்கம் குறையும். நடுவில் வெற்று வாரங்கள் வரும், புது வடிவங்களுக்கு அவைதான் நேரம், ஆனால் வாடகையும் மளிகையும் அந்த வாரங்களிலும் உண்டு. விலையை எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, குர்த்தாவுக்கு இரண்டரை மீட்டர் கைத்தறி, மீட்டர் 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 30. நூல், பொத்தான், லைனிங் 6. வெட்ட ஒரு மணி, தைக்க நாலு மணி, கைவேலை இரண்டு மணி, மணிக்கு 15 வெள்ளி என்று வைத்தால் 105. ஆக 141 வெள்ளி, இதில் இன்னும் லாபம் சேரவில்லை. தேக்கா மாடியில் 25 வெள்ளிக்குக் குர்த்தி தொங்குகிறது. அதோடு போட்டி போட்டால் நீங்கள் உங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். 141 கொடுக்கிறவர் துணிக்காகவும் தன் அளவுக்காகவும் கொடுக்கிறார், அப்படிப்பட்டவர்கள் உங்கள் வட்டத்தில் எத்தனை பேர் என்று நேர்மையாக எண்ணுங்கள். தோழிகள் 'சூப்பர்' என்று போடும் பதிவுகள் இந்தக் கணக்கில் சேராது.

சட்டதிட்டம் சுருக்கமாக: வீவக வீட்டில் சிறிய அளவில் தையல் செய்து விற்கலாம். ஆனால் அந்த வீட்டில் குடியிருக்காத யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, பெயர்ப்பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே தனியாகத் தொழில் செய்தால் தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டியதில்லை, வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். வருமானத்தைக் கணக்கில் காட்டுங்கள், செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நின்றால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்குப் பணம் கட்ட வேண்டி வரும். நீங்கள் குடியுரிமை பற்றி எழுதவில்லை. டிபெண்டண்ட் பாஸில் (இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரின் குடும்பத்தாருக்கான அனுமதி) இருந்தால் 2021 மே மாதத்திலிருந்து விதி இறுகிவிட்டது, ஒரு பிளவுஸ்கூடக் காசுக்குத் தைக்கும் முன் மனிதவள அமைச்சின் பக்கத்தைப் படியுங்கள். நான் தையல்காரி, கணக்காளர் இல்லை. பதிவுக்கு முன் அந்தந்த அலுவலகத்திடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே இப்போதைக்கு வேலையை விடாதீர்கள் என்பேன். அடுத்த தீபாவளி வரை வார இறுதியில் காசு வாங்கித் தையுங்கள், தோழிகளிடமும்தான். துணி வாங்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ஒரு நாள் விடுப்பு எடுத்து வார நாள் காலையில் போங்கள், கடைக்காரருக்குத் துணிச் சுருளை விரித்துக் காட்டப் பொறுமை இருக்கும். இஞ்சு டேப்பும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் எடுத்துப் போங்கள். கேட்டுக்கொண்டு, கைக்குட்டையை நனைத்துத் துணியின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் சாயம் நிற்குமா என்று அங்கேயே தெரிந்துவிடும். அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள். நான் மேலே சொன்ன கரை வெட்டுக்கு 44 அங்குலத்துக்குக் குறைந்த துணி போதாது.